வாக்கும் வதந்தியும்

தமிழ் மொழியில் ‘வாக்கு’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒருவன் வாயினின்று பிறக்கும் மொழி வாக்கு. தேர்தல் நாளன்று அவன் பெட்டியில் இடும் சீட்டும் வாக்கு. ஆங்கிலேயர் கொண்டு வந்த தேர்தல் முறைக்குப் பெயர் தேடிய நம் முன்னோர் இச்சொல்லைத் தெரிந்தெடுத்தது வெறும் தற்செயல் அன்று. மக்கள் கூடிப் பேசி, ஒருவர் மொழியை மற்றவர் கேட்டு, அதன் பின் அளிக்கும் முடிவே குடியாட்சி என்னும் கருத்து அதனுள் அடங்கியிருக்கின்றது.

ஆயினும் இவ்விரண்டு வாக்குகளுக்கும் இடையே ஒரு வேற்றுமை உண்டு. சீட்டாக இடப்படும் வாக்கு மறைவானது. இன்னார்க்கு இட்டேன் என்று எவரும் வெளியிட வேண்டியதில்லை. சொல்லாகப் பிறக்கும் வாக்கோ வெளிப்படையானது. சொன்னவன் இன்னான் என்பதை ஊர் அறியும். தவறானால் அவனிடம் கேட்கவும் முடியும். சீட்டு மறைந்திருக்க, சொல் வெளிப்பட்டிருக்க வேண்டும் என்பதே குடியாட்சியின் அடிப்படை ஒழுங்கு. இவ்வொழுங்கு எவ்வாறு உருவாகியது, எங்கே குலைந்தது என்பதை அறிய இலங்கையின் மலைநாட்டில் ஓர் ஊரின் சரித்திரம் பெரிதும் உதவும். அவ்வூர் அக்குறணை.

கண்டி மாநகரிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாக மாத்தளைக்குச் செல்லும் பெருந்தெருவில் அமைந்துள்ளது அக்குறணை. பிங்கா ஓயா என்னும் சிற்றாறு அதன் பக்கமாக ஓடுகின்றது. தெருவின் இருமருங்கும் கடைகள் நெருங்கி நிற்கும் வணிக ஊர் அது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் பெருந்தொகையினராக வாழ, சூழவுள்ள கிராமங்களில் சிங்கள மக்கள் தலைமுறை தலைமுறையாக உழுது வாழ்கின்றனர். ஒரு சாராரின் வயல் விளைவு மற்றொரு சாராரின் கடை வழியாகச் சந்தைக்குச் செல்லும். இருவரையும் பிணைத்த கயிறு கொடுக்கல் வாங்கல் என்றால், அக்கயிற்றுக்கு முறுக்கேற்றியது நம்பிக்கை.

இந்நம்பிக்கையைத் தேர்தல் முறைக்குள்ளும் கொண்டுவர ஒரு முயற்சி நடைபெற்றது. 1959ஆம் ஆண்டின் எல்லை நிர்ணயத்தின்படி அக்குறணை இரட்டை அங்கத்தவர் தொகுதியாக வகுக்கப்பட்டது. நாட்டில் அப்போதிருந்த 145 தொகுதிகளுள் ஐந்து மட்டுமே ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பும் தகுதி பெற்றிருந்தன. கொழும்பு மத்தி, கொழும்பு தெற்கு, மட்டக்களப்பு, மூதூர் ஆகியவற்றுடன் அக்குறணையும் அவற்றுள் ஒன்று. பல சமூகத்தார் கலந்து வாழும் இடத்தில் எண்ணிக்கையிற் குறைந்தோரும் தம் பிரதிநிதியைப் பெறுதல் வேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் நோக்கம். 1960 மார்ச் மாதத் தேர்தலில் இத்தொகுதியிலிருந்து பாராளுமன்றம் புகுந்த ஏ. சி. எஸ். ஹமீது, பின்னர் 1977 முதல் 1989 வரை நாட்டின் வெளிநாட்டமைச்சராக விளங்கினார். வாக்குச் சீட்டு மனிதரைப் பிரிக்கவும் வல்லது, சேர்க்கவும் வல்லது என்பதற்கு 1977இல் மறைந்துபோன அத்தொகுதி ஒரு சான்று.

சீட்டின் கதை இவ்வாறிருக்க, சொல்லின் கதை அதனினும் பழையது. கண்டி நகரிற் பிறந்த வழக்கறிஞர் மு. கா. சித்திலெவ்வை 1882ஆம் ஆண்டில் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். கல்வியில் பின்தங்கியிருந்த தம் சமூகத்தை அச்செழுத்தின் துணையால் எழுப்ப முனைந்தார். அடுத்த ஆண்டில் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு ஒராபி பாஷா இலங்கைக்கு வந்தபோது, அயல்நாட்டு அரசியலின் அலைகள் இத்தீவின் தமிழ் படிக்கும் மக்களின் வாயிலுக்கே வந்தன. அதுவரை பள்ளிவாசல் முற்றத்திலும் கடைத் திண்ணையிலும் மட்டும் உலவிய பேச்சு, தாளில் ஏறி ஊர்விட்டு ஊர் சென்றது.

அச்சு ஒரு புதிய விசையைத் தந்தது. அத்துடன் ஒரு கட்டுப்பாட்டையும் தந்தது. பத்திரிகைக்கு ஓர் ஆசிரியர் உண்டு. அச்சிட்டவர் பெயரும் இடமும் தாளில் உண்டு. எழுதியது பொய்யானால் வழக்குத் தொடரலாம். மறுப்புக் கடிதம் எழுதலாம். வாசகர் வாங்காது விடலாம். அதாவது, சொல் விரைந்து சென்றபோதும் அதற்கு உடையவன் ஒருவன் இருந்தான்.

உடையவன் இல்லாத சொல் எத்துணைக் கொடியது என்பதை அதே கண்டி நகர் 1915ஆம் ஆண்டில் கண்டது. கம்பளையில் பெரஹரா ஊர்வலம் பள்ளிவாசலைக் கடப்பது பற்றிய வழக்கொன்று நீதிமன்றங்களில் சில ஆண்டுகள் இழுபட்டிருந்தது. அம்மனக்கசப்புத் தணியாத நிலையில், மே மாத இறுதியில், வெசாக் இரவில், கண்டிக் காசில் ஹில் தெருப் பள்ளிவாசலருகே கலகம் மூண்டது. சில நாட்களுக்குள் அது இரயில் பாதையின் வழியே மேல் மாகாணத்துக்கும் தெற்கிற்கும் பரவியது. அந்நாளில் கைத்தொலைபேசி இல்லை, வானொலி இல்லை. ஆயினும் வண்டி நிற்கும் நிலையந்தோறும் வதந்தியும் இறங்கியது. ஜூன் 2ஆம் நாள் படைச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கலகக்காரரால் உயிரிழந்தோரினும், அடக்குமுறையில் சுடப்பட்டு உயிரிழந்தோர் மிகுதியானவர்.

அதன் பின் நடந்தது செய்தித் தொடர்பின் சரித்திரத்தில் மற்றொரு பாடம். படைச் சட்டக் காலத்தில் தந்தியும் தபாலும் தணிக்கைக்கு உட்பட்டன. நடந்ததை வெளியுலகுக்குச் சொல்ல வழியில்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், நீர்மூழ்கிகள் திரிந்த கடலைக் கடந்து சேர் பொன்னம்பலம் இராமநாதன் இலண்டன் சென்று நீதி கேட்டார். கோட்டையைச் சேர்ந்த ஈ. டபிள்யூ. பெரேரா, சுடுமாறு பிறப்பித்த கட்டளையின் பிரதியைத் தம் காலணியின் அடித்தோலுள் மறைத்துக் கொண்டு சென்றார் என்பர். வதந்தி தடையின்றிப் பரந்தது. உண்மையோ செருப்புக்குள் ஒளிந்து செல்ல வேண்டியதாயிற்று. பேச்சைக் கட்டவிழ்த்து விடுவதால் மட்டுமன்றி, பேச்சை முற்றாக அடைப்பதாலும் நீதி கெடும் என்பதை 1915 காட்டிற்று.

இந்நிகழ்ச்சிக்குப் பதினாறு ஆண்டுகளின் பின், 1931இல், டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் வயது வந்த ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆசியாக் கண்டத்தில் இப்பேறு பெற்ற முதல் நாடுகளுள் இலங்கை ஒன்று. எழுத்தறியாதாரும் வாக்களிக்க வேண்டியிருந்தமையால் வேட்பாளர்க்கு நிறங்கள் வகுக்கப்பட்டன. பின்னர் சின்னங்கள் வந்தன. இன்று நாம் எளிதாக எண்ணும் யானையும் கையும் நாற்காலியும், எழுத்தறியாதவரின் உள்ளத்தை வாக்குச் சீட்டுக்குக் கொண்டு சென்ற தகவற் சாதனங்களே. அதே காலத்தில் ‘வீரகேசரி’ 1930இலும் ‘தினகரன்’ 1932இலும் தோன்றின. உரிமை கிடைத்த வேளையில் அதனைப் பயன்படுத்தும் அறிவைத் தரும் தமிழ் நாளிதழ்களும் கிடைத்தமை தமிழ் மக்களின் நற்பேறு.

வானொலியும் அந்தக் காலத்திற்குரியதே. 1925 டிசம்பரில் கொழும்பில் ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தலைமைப்பீடம் பேராதனைப் பூங்காவில் அமைந்திருந்தது. அப்படைகளுக்கெனக் கொழும்பினருகே நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க ஒலிபரப்பி, போர் ஓய்ந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. மலைநாட்டுத் தோட்ட லயத்திலும் அக்குறணைக் கடையிலும் ஒரே வேளையில் ஒரே குரல் கேட்கலாயிற்று. வானொலிக்கும் குறைகள் உண்டு. அரசின் உடைமையாயிருந்தமையால் ஆளுந் தரப்பின் குரலே அதில் ஓங்கி ஒலித்தது என்னும் குற்றச்சாட்டு நெடுநாளாக உண்டு. ஆயினும் வானொலியிற் பேசுபவரை நாடே கேட்டது. சிங்களவர் காதுக்கு ஒன்று, முஸ்லிம்கள் காதுக்கு ஒன்று என்று மறைவாகப் பேச அதனால் இயலவில்லை. ஒருவருக்குச் சொன்னதை மற்றவரும் கேட்டார்.

இந்த ஒழுங்கைக் கைத்தொலைபேசியும் இணையமும் தலைகீழாக்கின. முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் சொல்லுக்கு ஆசிரியர் இல்லை, அச்சகமும் இல்லை. யாரோ எழுதியதை யாரோ அனுப்ப, நம்பிக்கைக்குரிய உறவினர் வாயிலாக அது கைக்கு வருகின்றது. அனுப்பியவர் மீதுள்ள நம்பிக்கை எழுதியவர் மீதும் தானாகப் படிகின்றது. மேலும், ஒரு சமூகத்தார் வட்டத்தில் உலவும் செய்தியை அடுத்த வீட்டிலுள்ள மற்றச் சமூகத்தார் காண்பதே இல்லை. கண்டால் அல்லவோ “இது பொய்” என்று மறுக்க முடியும்? இத்தளங்களின் உள்ளே இயங்கும் கணக்கோ உண்மையை எடைபோடுவதன்று. எதனை மக்கள் மிகுதியாகத் தொட்டும் பகிர்ந்தும் பரபரக்கின்றனரோ அதனையே மேலும் பலர் கண்முன் வைப்பது. அன்பைக் காட்டிலும் அச்சமும் சினமும் விரைந்து பகிரப்படும் என்பது மனித இயல்பு. மனிதனின் பலவீனத்தையே எந்திரம் தன் எரிபொருளாகக் கொண்டது.

2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இவ்வெரிபொருள் பற்றியது. பெப்ரவரி மாத இறுதியில், கிழக்கே அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில் சிங்களவரை மலடாக்கும் மாத்திரை உணவில் கலக்கப்படுகின்றது என்னும் கூற்றுப் பரவியது. ஓரிரவிற்குள் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அங்ஙனம் உணவில் கலந்து ஒருவரை நிலையாக மலடாக்கும் மாத்திரை மருத்துவ உலகில் இல்லை. உணவின் மாதிரியைச் சோதித்த அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர், அதிற் காணப்பட்டது வெறும் மாக்கட்டி என்றே அறிவித்தார். ஆனால் ஆய்வுகூடத்துக்கு நாட்கள் வேண்டும். வதந்திக்கு ஓர் இரவு போதும். மெய் வெளிப்படுவதற்குள் கண்டி மாவட்டத்திலும் தீ மூண்டுவிட்டது.

கண்டியில் நடந்தது இது. பெப்ரவரி 22ஆம் நாள், தெல்தெனியப் பகுதியில், தெருவில் எழுந்த ஒரு சச்சரவில் முஸ்லிம் இளைஞர் சிலர் சிங்கள லொறிச் சாரதி ஒருவரைத் தாக்கினர். அவர் மார்ச் மாதத் தொடக்கத்தில் உயிர் நீத்தார். தாக்கியோர் கைதாகியிருந்தனர்; சட்டம் தன் வழியே சென்றுகொண்டிருந்தது. ஆயினும் ஒரு சிலர் செய்த குற்றம் ஒரு சமூகத்தின் குற்றமாகக் காட்டப்பட்டது. அம்பாறை வதந்தியும் அதனுடன் சேர்ந்துகொண்டது. மார்ச் 5ஆம் நாள் திகனையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எரிந்த வீட்டினுள் அகப்பட்ட முஸ்லிம் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். மறுநாள் நாடெங்கும் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. அதற்கும் மறுநாள், மார்ச் 7இல், கலகம் அக்குறணைப் பகுதியை வந்தடைந்தது. அம்பதென்னை, கட்டுகஸ்தோட்டைப் பக்கங்களும் தப்பவில்லை. இரு சமூகத்தாரும் இரண்டு உறுப்பினரைச் சேர்ந்து அனுப்பிய பழைய தொகுதியின் தெருவில், கடைக் கதவுகள் உடைபட்டன.

1915ஆம் ஆண்டின் கலகத்தையும் இதனையும் ஒப்பிட்டு நோக்கின், பகைமையின் விதை புதியதன்று என்பது புலப்படும். கருவியே பகையைப் படைத்தது என்று கூறுதல் பொருந்தாது. வெறுப்பைப் பேசி வளர்த்தோர் நெடுநாளாக நாட்டில் இருந்தனர். காவற் கடமையிலும் குறைகள் கூறப்பட்டன. கருவி செய்தது வேறு. 1915இல் வதந்தி புகைவண்டிக்காகக் காத்திருந்தது. 2018இல் அது காத்திருக்கவில்லை. சிந்திக்கவும் விசாரிக்கவும் ஊருக்குக் கிடைத்த கால இடைவெளி, அந்த ஒரு பகலும் ஓர் இரவும், பறிபோயிற்று.

இன்னொரு குறையும் இருந்தது. அது மொழியைப் பற்றியது. முகநூலை நடத்திய அமெரிக்க நிறுவனம் இலங்கையில் இலட்சக்கணக்கானோரைத் தன் தளத்திற் சேர்த்திருந்தது. ஆனால் சிங்களத்தில் எழுதப்பட்ட நஞ்சைப் படித்தறியும் ஆட்கள் அதனிடம் போதியவாறு இல்லை. ஒரு சமூகத்தாரைக் குழந்தையையும் விடாது கொல்ல வேண்டும் என்னும் பொருள்பட எழுதிய பதிவொன்றைப் பற்றி முறையிட்டபோதும், அது விதிகளுக்கு மாறானதன்று என்ற மறுமொழியே வந்தது என இலங்கையின் குடிசார் அமைப்புகள் 2018 ஏப்ரலில் அந்நிறுவனத் தலைவருக்குப் பகிரங்க மடல் எழுதின. 2020 மே மாதத்தில், சுயாதீன ஆய்வொன்றின் பின், அந்நிறுவனம் தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்கு வருந்தி, விளைந்த தீங்குகளுக்கு மன்னிப்புக் கோரியது. அரசுக்கும் எட்டாத இடத்தில் இருந்துகொண்டு, ஒரு நாட்டின் பொதுமேடையை ஒரு வணிக நிறுவனம் நடத்துகின்றது. ஆனால் அம்மேடையிற் பேசப்படும் மொழி அதற்குத் தெரியவில்லை. அச்சகத்தார் பெயரைத் தாளின் அடியில் இடச் சொன்ன பழைய சட்டத்தின் அருமை இங்கே விளங்குகின்றது.

கலகம் மூண்டபோது அரசு ஒரு குறுக்கு வழியை நாடியது. மார்ச் 7 முதல் முகநூல், வாட்ஸ்அப், வைபர் முதலிய தளங்களைத் தடுத்தது. ஏறத்தாழ ஒரு வாரத்தின் பின், மார்ச் 15இல் முகநூலும் திறக்கப்பட்டது. நெருப்பு எரியும்போது காற்றை அடைப்பது அறிவு அன்றோ என்று பலர் நினைத்தனர். 2019 ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களும் விடுதிகளும் குண்டுகளாற் சிதைந்தபோதும், அடுத்த மாதம் முஸ்லிம்களுக்கெதிரான வன்செயல் வடமேல் மாகாணத்தில் எழுந்தபோதும், அதே தடை மீண்டும் விதிக்கப்பட்டது.

ஆனால் ஒரு பூட்டைச் செய்தவன் அதனை எக்கதவிலும் போடலாம். 2022இல் எரிபொருளும் மருந்தும் பால்மாவும் அற்று நாடு தத்தளித்தது. மக்கள் ஆட்சியாளரிடம் காரணம் கேட்கத் தெருவிலிறங்கினர். ஏப்ரல் 3ஆம் நாள் நாடளாவிய எதிர்ப்புக்கு அழைப்பு விடுக்கப்பட்டிருந்தது, ஊரடங்கும் இடப்பட்டது, அன்று காலை சமூகத் தளங்கள் மீண்டும் தடுக்கப்பட்டன. பேராதனையில் ஊர்வலம் சென்ற மாணவர் மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டதும் அன்றே. கண்டனம் மிகவே பிற்பகலில் தடை நீங்கியது. சில மாதங்களில், ஜூலை 14ஆம் நாள், அந்நாளைய சனாதிபதி பதவி துறந்தார். 2018இல் வதந்தியை அடக்கவென விதித்த தடையை, 2022இல் மக்களின் குரலை அடக்கவும் பயன்படுத்த முயன்றமையைக் கண்டோர், கருவியைக் குறை கூறுவதிலும் அதனை ஆளும் கையைக் கவனிக்க வேண்டும் என்பதை உணர்ந்தனர்.

இக்கருவியின் நற்பயனையும் மறைத்தல் நேர்மையன்று. 2014 ஜூனில் அளுத்கமையில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது பெரும் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் பெரிதும் வாய் மூடியிருந்தன. நடந்ததை வெளியுலகுக்குக் காட்டியது சமூகத் தளமே. காலணியுள் மறைத்துச் சென்ற செய்தியை, இன்று ஒரு சிறுவனின் கைத்தொலைபேசி நொடியில் அனுப்பிவிடும். பொய்க்குச் சிறகு கொடுத்த கருவியே, அடைபட்ட மெய்க்கும் கதவு திறந்தது.

இருமுனையுள்ள இக்கத்தியைப் பிடிக்கும் வகையை உலகம் இன்னும் கற்றுக்கொண்டே இருக்கின்றது. இந்தியாவில் வதந்தியால் கும்பற் கொலைகள் நிகழ்ந்தபின், 2018இல் வாட்ஸ்அப் ஒரே செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு அந்நாட்டிற் கட்டுப்படுத்தியது. 2019 ஜனவரியில் அக்கட்டு உலகெங்கும் விரிந்தது. வாயை மூடாமல் வேகத்தை மட்டும் குறைத்த முறை இது. இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசு அலுவலகத்தின் ஏட்டைக் குடிமகன் கேட்டுப் பெறும் வழியைத் திறந்தது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, பொய்க் கூற்றை நீக்கக் கட்டளையிடும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவின் கையில் வைத்தது. எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஆட்சியாளரின் கருவியாகிவிடும் என்ற அச்சம் அதனை எதிர்த்தோரால் எழுப்பப்பட்டது. முதற் சட்டம் மெய்யின் வாயிலைத் திறக்கின்றது. இரண்டாவது பொய்யின் வாயிலை அடைக்க முனைகின்றது. மெய் எளிதிற் கிடைக்கும் நாட்டில் பொய்க்கு விலை குறைவு என்பதனால், முதலாவதே குடியாட்சிக்கு நெருங்கிய உறவு.

சட்டங்களுக்கும் எட்டாத ஓர் அரண் உண்டு. அதனை 2018 மார்ச்சிலேயே மலைநாடு கண்டது. கலகம் நடந்த நாட்களில், கண்டிப் பகுதியின் சில ஊர்களில் பௌத்த பிக்குகளும் சிங்கள அயலவரும் முன்வந்து, பள்ளிவாசல்களுக்கும் முஸ்லிம் வீடுகளுக்கும் காவல் நின்ற செய்திகள் வெளிவந்தன. கைத்தொலைபேசியில் வந்த அதே செய்தி அவர்களுக்கும் வந்திருக்கும். ஆனால் அதிற் கூறப்பட்ட ‘அவர்கள்’ யார் என்பதை அவர்கள் நேரில் அறிந்திருந்தனர். காலையில் கடை திறப்பவரை, கடனுக்கு அரிசி தந்தவரை, பிள்ளையின் காய்ச்சலுக்கு நள்ளிரவில் வாகனம் கொடுத்தவரை, முகமறியாத ஒருவரின் சொல்லைக் கொண்டு அளக்க அவர்களால் இயலவில்லை.

ஆதலின், கருவியின் வேகத்தை எண்ணிக் குடியாட்சி அஞ்ச வேண்டுவதில்லை. சொல்லுக்கு உடையவன் இல்லாமற் போவதை எண்ணியே அஞ்ச வேண்டும். பத்திரிகை வந்தபோது ஆசிரியரைக் கேட்டோம். வானொலி வந்தபோது நிலையத்தைக் கேட்டோம். இணையத்தின் காலத்தில், எழுதியவரையும், பரப்பிய நிறுவனத்தையும், தடுத்த அரசையும் ஒருங்கே கேட்க வேண்டியவராயிருக்கின்றோம். அத்துடன், ஒரு செய்தியை அடுத்தவருக்கு அனுப்பும் விரல் நம்முடையது என்பதால், நம்மையும் கேட்க வேண்டியவராகின்றோம்.

அக்குறணைத் தெருவில் இன்று கடைகள் வழக்கம்போல் திறக்கின்றன. மாத்தளைப் பேருந்தும் கண்டிப் பேருந்தும் ஒன்றையொன்று ஒதுங்கி வழிவிட்டுச் செல்கின்றன. தேர்தல் நாளில் அவ்வூரார் வரிசையில் நின்று, மறைவில் இடும் வாக்கின் மதிப்பு, அதற்கு முந்திய நாட்களில் அவர்கள் ஒருவரோடொருவர் வெளிப்படையாகப் பேசிய வாக்கின் மதிப்பையே பொறுத்தது.